வினைவகை கண்டறிய எது நல்ல வழி: வரைபடமா, தொடக்க வேகமா, அரைவாழ்காலமா?

ஒரு பொருளின் செறிவு, வினையின் வேகத்தை எத்தனையாவது அடுக்கில் மாற்றுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் வினைவகை. சமன்பாட்டைப் பார்த்து ஒரு வினையின் வினைவகையைச் சொல்லிவிட முடியாது. அமிலத்தின் முன்னிலையில் அசிட்டோனும் அயோடினும் வினைபுரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டில் அயோடினுக்கு இடம் இருக்கிறது, வேகத்தைச் செறிவுகளோடு இணைக்கும் வேக விதியில் இல்லை. அயோடினை இரண்டு மடங்கு ஊற்றினாலும் வேகம் அசையாது. சமன்பாட்டில் பெயரே இல்லாத அமிலத்தை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகும். ஆகவே சோதனை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிச் செய்வது என்று கேட்டால் பாடப்புத்தகங்கள் நான்கு முறைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, எல்லாம் ஒரே தரம் என்பதுபோல் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். என் பார்வையில் இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் உண்டு.

முதலில் வரைபட முறை. இதன் வேர் 1850இல் இருக்கிறது. லுட்விக் வில்ஹெல்மி, அமிலத்தில் கரும்புச் சர்க்கரை சிதைவதை, ஒளியின் தளம் சுழலும் கோணத்தை அளந்து பின்தொடர்ந்தார். மீதி இருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம் இருப்பதைக் கண்டார். இன்று நாம் செய்வதும் அதன் தொடர்ச்சிதான். ஒரே ஓட்டம், பல புள்ளிகள். நேரத்துக்கு எதிராகச் செறிவை வரைந்தால் நேர்கோடு வருகிறதா? பூஜ்ய வகை. செறிவின் மடக்கை நேர்கோடானால் முதல் வகை. செறிவின் தலைகீழி நேர்கோடானால் இரண்டாம் வகை. சாய்விலிருந்து வேக மாறிலியும் (வேக விதியில் செறிவுகளோடு பெருக்கப்படும் மாறாத எண்) கையோடு கிடைத்துவிடும். கவர்ச்சியான முறை, சந்தேகமில்லை.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலரும் விழும் பள்ளம். எத்தில் அசிட்டேட்டையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் சம செறிவில், லிட்டருக்கு 0.100 மோல் வீதம் கலக்கிறோம் என்று வையுங்கள். இது இரண்டாம் வகை வினை. கணக்குக்கு எளிதாக வேக மாறிலியை 0.10 என்று கொள்வோம் (25 டிகிரி செல்சியஸில் உண்மை மதிப்பும் ஏறத்தாழ அதுதான்). 10, 20, 30, 40 விநாடிகளில் செறிவு 0.0909, 0.0833, 0.0769, 0.0714 என்று இறங்கும். இந்த எண்களைத் தெரியாத்தனமாக முதல் வகைக்கான மடக்கை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். அழகான கோடு வரும், ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண், முழுப் பொருத்தம் என்றால் 1) 0.997! அளவீட்டில் பிழையே இல்லாத எண்களுக்கே இந்த நிலை. இதோடு நிறுத்திக்கொண்டவர் அரைவாழ்காலம், அதாவது செறிவு பாதியாக ஆகும் நேரம், 82 விநாடி என்று எழுதிவைப்பார். உண்மையில் அது 100 விநாடி. 300ஆவது விநாடியில் அவருடைய கோடு 0.008 என்று சொல்லும், குடுவையில் 0.025 இருக்கும். மூன்று மடங்கு வித்தியாசம்.

காரணம் எளிது. வினை பாதிகூடத் தாண்டாதபோது மூன்று வகைகளின் வளைகோடுகளும் ஒன்றையொன்று ஒட்டியே போகும். குறைந்தது முக்கால்வாசி முடியும்வரை பின்தொடராத வரைபடத்தை வைத்து வினைவகை சொல்லக் கூடாது என்பதே என் கருத்து. ஆர் ஸ்கொயரைவிட, கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதைப் பாருங்கள். இந்த எடுத்துக்காட்டில் வருவதுபோல் இருமுனையும் கோட்டுக்கு மேலே, நடு மட்டும் கீழே என்று வில்போல வளைந்திருந்தால் வினைவகை தவறு.

இதற்கு நேர் எதிர் பக்கத்தில் நிற்பது தொடக்க வேக முறை. 1884இல் வான்ட் ஹாஃப் தன் இயக்கவியல் நூலில் வகுத்த வகைக்கெழு முறையின் (வேகத்தையே நேரடியாகச் செறிவோடு ஒப்பிடும் முறை) நேர் வாரிசு. ஒரு பொருளின் செறிவை மட்டும் மாற்றி, வினை தொடங்கும் கணத்தின் வேகத்தை மட்டும் அளக்கிறோம். விளைபொருள் இன்னும் சேரவில்லை, பின்னோக்கு வினை தலைகாட்டவில்லை. கேட்கும் கேள்வி ஒன்று, வரும் பதிலும் ஒன்று. முன்பின் தெரியாத வினை கையில் வந்தால் நான் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

பலவீனம் துல்லியத்தில் இருக்கிறது. செறிவை இரண்டு மடங்காக்கி வேகத்தை ஒப்பிடுவது வழக்கம். ஒவ்வொரு வேக அளவீட்டிலும் 5 சதவீதப் பிழை இருந்தால், விகிதத்தில் சுமார் 7 சதவீதம் வரும். அது வினைவகையில் 0.1 அளவுக்குப் பிழையாக மாறும். ஒன்றா இரண்டா என்று பிரிக்க இது போதும், ஒன்றரையைக்கூடப் பிரித்துவிடலாம். 0.9 வந்தால் அது ஒன்றா, உண்மையிலேயே பின்னமா என்று சொல்ல முடியாது. அதே கருவி, அதே கை, செறிவை மட்டும் 8 மடங்கு மாற்றிப் பாருங்கள்: பிழை 0.03 ஆகச் சுருங்கிவிடும். புதிய கருவி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, 8 மடங்கு மாற்றும்போது இன்னொரு சிக்கல் முளைக்கும். பெர்சல்பேட்டும் அயோடைடும் வினைபுரியும் கடிகார வினையைப் பார்ப்போம். கொஞ்சம் தயோசல்பேட்டும் ஸ்டார்ச்சும் சேர்த்துவைக்கிறோம். உண்டாகும் அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் தின்றுவிடும், அது தீர்ந்த நொடியில் கரைசல் சட்டென்று நீலமாகும். பெர்சல்பேட் 0.020, தயோசல்பேட் 0.002 என்றால் நீலம் வரும்போது பெர்சல்பேட்டில் 0.001, அதாவது 5 சதவீதம்தான் செலவாகியிருக்கும். இதைத் தொடக்க வேகம் என்று தாராளமாகச் சொல்லலாம். பெர்சல்பேட்டை 0.0025 ஆகக் குறைத்து, தயோசல்பேட்டை அப்படியே விட்டால்? 40 சதவீதம் செலவான பிறகுதான் நீலம் வரும். அது தொடக்க வேகமே கிடையாது. தயோசல்பேட்டையும் 8 மடங்கு குறைத்து, அதன் செறிவை நேரத்தால் வகுத்து ஒப்பிட வேண்டும். அப்புறம், இரண்டு எதிர்மின் அயனிகள் மோதும் வினை என்பதால் கரைசலில் உள்ள மொத்த உப்பின் அளவே வேகத்தை மாற்றும். குறைத்த உப்புக்கு ஈடாக, அயனி வலிமை (கரைசலில் உள்ள அயனிகளின் செறிவும் மின்சுமையும் சேர்ந்த அளவு) மாறாத அளவுக்கு, வினையில் கலக்காத வேறோர் உப்பைச் சேர்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

தனிமைப்படுத்தும் முறையை நான் தனிப் போட்டியாளராகப் பார்ப்பதில்லை. மற்ற முறைகளுக்குத் துணை அது. ஆஸ்ட்வால்ட் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இதில், ஒன்றைத் தவிர மற்றவற்றை மிகுதியாக எடுத்துக்கொண்டு, வேகம் அந்த ஒன்றை மட்டும் பொறுத்து மாறும்படி செய்துவிடுகிறோம். அசிட்டோன்–அயோடின் வினையில் அசிட்டோனும் அமிலமும் ஏராளம், அயோடின் கொஞ்சம் என்று வைத்தால் பழுப்பு நிறம் நேர்கோட்டில் மங்கி, கடைசியில் ஒரேயடியாக மறையும். பூஜ்ய வகையை இத்தனை தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மிகுதியாக எடுத்த பொருளின் வினைவகை மாறிலிக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த மிகுதியையும் இரண்டு மூன்று அளவில் மாற்றினால்தான் அது வெளியே வரும்.

அரைவாழ்கால முறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருள் மட்டும் சிதையும் வினைக்கு, அல்லது எல்லாப் பொருளும் சரிவிகிதத்தில் இருக்கும் வினைக்குத்தான் சரிப்படும். ஆனால் அதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது, அதை நான் விடுவதில்லை. முக்கால்வாசி முடிய ஆன நேரத்தை, பாதி முடிய ஆன நேரத்தால் வகுங்கள். பூஜ்ய வகைக்கு 1.5, முதல் வகைக்கு 2, இரண்டாம் வகைக்கு 3. மேலே சொன்ன எத்தில் அசிட்டேட் வினையில் 300, 100, விடை 3. கணினி வேண்டாம், வரைதாளும் வேண்டாம்.

தொடக்க வேகத்துக்கு நான் முதலிடம் கொடுத்தாலும், அது பார்க்கவே முடியாத விஷயங்கள் உண்டு. ஹைட்ரஜனும் புரோமினும் சேரும் வினையில் போடன்ஸ்டைன், லிண்ட் என்ற வேதியியலாளர்கள் கண்டது இதைத்தான். தொடக்கத்தில் வேகம் ஹைட்ரஜனைப் பொறுத்து ஒன்று, புரோமினைப் பொறுத்து அரை. ஹைட்ரஜன் புரோமைடு சேரச் சேர அதுவே வினையைத் தடுக்கும். தொடக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தத் தடை தெரியவே தெரியாது. முழு ஓட்டத்தையும் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இரண்டு பார்வையையும் சேர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வேதியியலாளர் டோனா பிளாக்மாண்ட் 2005இல் தொகுத்து முன்வைத்த பகுப்பாய்வில் உள்ள 'சம மிகுதி' சோதனை அது. முதல் ஓட்டத்தை, வினைபுரியும் இரண்டு பொருள்களையும் 0.10, 0.16 செறிவுகளில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டாவதை 0.05, 0.11இல் தொடங்குங்கள். முதல் ஓட்டம் பாதி முடிந்தபோது இருக்கும் அதே நிலை, செறிவுகளின் வித்தியாசம் (மிகுதி என்பது இதுதான்) இரண்டு ஓட்டங்களிலும் 0.06. இரண்டாவது வளைகோட்டை நேர அச்சில் நகர்த்தி முதலாவதன் பின்பாதிமேல் வையுங்கள். ஒன்றோடொன்று பொருந்தினால் நல்லது. இரண்டாவது வேகமாக ஓடினால், விளைபொருள் தடுக்கிறது அல்லது வினையூக்கி செயலிழக்கிறது. எது என்று பிரிக்க இரண்டாவது ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள், இந்த முறை தொடக்கத்திலேயே 0.05 விளைபொருளைச் சேர்த்து. இப்போது கோடுகள் ஒன்றானால் தடுத்தது விளைபொருள். இன்னும் விலகியே நின்றால் வினையூக்கியைத்தான் கவனிக்க வேண்டும்.