லோ ஃப்ளோட் ஷேரா, பெரிய ஃப்ளோட் ஷேரா? ருச்சி சோயா, எம்ஆர்எஃப், எல்ஐசி, ஐடிசி நாலையும் பக்கத்துல வச்சு ஒரு அலசல்

போன மாசம் ஊர்ப்பக்கத்து தம்பி ஒருத்தன் கேட்டான், அண்ணா லோ ஃப்ளோட் ஷேர்ல ஒரே வாரத்துல 30% எடுக்கலாம்னு வீடியோல சொல்றாங்களே, நான் எதுக்கு ஐடிசி மாதிரி நகராத ஷேர்ல உக்காந்திருக்கணும்னு. ஃபோன்ல ஒரு வரில பதில் சொல்லிட்டேன், ஆனா அது பத்தாதுன்னு தோணிட்டே இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

ஃப்ளோட்னா பெருசா ஒண்ணுமில்ல. கம்பெனியோட மொத்த ஷேர்ல ப்ரோமோட்டர் (கம்பெனியை நடத்துற முதலாளி தரப்பு) கையில இருக்கறத கழிங்க, லாக்-இன்ல (குறிப்பிட்ட காலம் விக்கக் கூடாதுன்னு பூட்டி வச்சது) இருக்கறத கழிங்க, மிச்சம் மார்க்கெட்ல கை மாற வாய்ப்பு இருக்கிறதுதான் ஃப்ளோட். சென்செக்ஸ் 2003ல இருந்தே இந்த கணக்கை வச்சுதான் ஓடுது, நிஃப்டி 2009ல இருந்து.

இப்ப எல்லாரும் ஃப்ளோட்டை சதவீதத்துல மட்டும் பாக்கறாங்க, அங்கதான் தப்பு பண்றாங்க. ருச்சி சோயாங்கற சமையல் எண்ணெய் கம்பெனியை எடுத்துக்கங்க. திவால் நடவடிக்கைல பதஞ்சலி வாங்கி 2020 ஜனவரில திரும்ப லிஸ்ட் ஆச்சு, விலை 17 ரூபா வாக்குல. மொத்தம் 29 கோடிக்கு மேல ஷேர், அதுல 99% ப்ரோமோட்டர்கிட்ட, பப்ளிக்குக்கு மிஞ்சினது 1% தான், அதாவது சுமார் 29 லட்சம் ஷேர். 17 ரூபாயால பெருக்கினா 5 கோடி. சென்னைல நல்ல ஏரியால ரெண்டு மூணு ஃப்ளாட் விலைதான் அந்த மொத்த ஃப்ளோட்டும்! தினமும் அப்பர் சர்க்யூட் (ஒரு நாள்ல அதுக்கு மேல ஏற விடாத உச்சவரம்பு), அப்பர் சர்க்யூட்னு போயி ஜூன் கடைசில 1,500 ரூபாயைத் தாண்டிடுச்சு. அஞ்சு மாசத்துல கம்பெனியோட எண்ணெய் வியாபாரம் எண்பது மடங்கு பெருகிடலை, விக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

எம்ஆர்எஃப்ல பப்ளிக் கையில இருக்கறது எவ்வளவு தெரியுமா? மொத்தமே 42.4 லட்சம் ஷேர், அதுல 72% வாக்குல வெளிய, சுமார் 30 லட்சம். எண்ணிக்கைல ருச்சி சோயாவும் எம்ஆர்எஃப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு! ஆனா எம்ஆர்எஃப் 2023 ஜூன்ல ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டப்போ அந்த 30 லட்சம் ஷேரோட மதிப்பு 30,000 கோடி. 5 கோடி வச்சு அதை எவனும் தூக்க முடியாது.

எல்ஐசி இதுக்கு நேர் தலைகீழ். 2022 மே மாசம் அரசாங்கம் வித்தது வெறும் 3.5%, சதவீதத்தைப் பாத்தா ரொம்ப லோ ஃப்ளோட், ஆனா அது 22 கோடி ஷேர், 949 ரூபா இஷ்யூ விலைல 21,000 கோடி. லிஸ்ட் ஆன அன்னைக்கே இஷ்யூ விலைக்குக் கீழதான் ஆரம்பிச்சுது. ஃப்ளோட் கம்மின்னா ஏறிடும்னு நம்பி வாங்கினவங்களுக்கு அது பெரிய அடி. அதனால சதவீதம், எண்ணிக்கை, ரூபாய் மதிப்பு மூணையும் சேர்த்துதான் பாக்கணும், எனக்கு மூணாவதுதான் முக்கியம்.

இப்ப ஐடிசிக்கு வருவோம். ப்ரோமோட்டர்னு யாருமே கிடையாது, ஷேர் 1,200 கோடிக்கு மேல. 2024 மார்ச் 13 அன்னைக்கு அதோட பெரிய பங்குதாரர் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 3.5% பங்கை, 17,000 கோடி ரூபாய்க்கு மேல, ஒரே நாள்ல வித்தாங்க. அவ்வளவு சரக்கு வந்து இறங்கியும் ஐடிசி அன்னைக்கு ஏறித்தான் முடிஞ்சுது. அதே நாள்ல ஸ்மால்கேப் இண்டெக்ஸ் 5% வாக்குல சரிஞ்சு, எத்தனையோ சின்ன ஷேர் லோயர் சர்க்யூட்ல, அதாவது அன்னைய கீழ்வரம்புல, வாங்க ஆளில்லாம நின்னுது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா அந்த ஒரு நாளைத்தான் காட்டுவேன்.

நானும் அனுபவிச்சிருக்கேன். ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனி, பேர் வேணாம். வாங்கி மூணு நாள் நல்லா ஏறுச்சு, 8% கீழ ஸ்டாப் லாஸ் (விலை அங்க இறங்கினா தானா விக்கச் சொல்ற ஆர்டர்) போட்டுட்டு நிம்மதியா ஆஃபீஸ் போயிட்டேன். அடுத்த வாரம் ரிசல்ட் மோசமா வந்துச்சு, 5% லோயர் சர்க்யூட், ஆர்டர் புக்ல விக்கறவங்க பக்கம் லட்சக்கணக்குல நிக்குது, வாங்கற பக்கம் சைபர். ஸ்டாப் லாஸ் ட்ரிகர் ஆச்சு ஆனா விக்கலை, ஏன்னா வாங்க ஆள் இருந்தாத்தானே விக்க முடியும். ஏழு நாள் வரிசையா அப்படியே, காலைல 9 மணிக்கே ஆர்டர் போட்டும் க்யூல பின்னாடிதான், வெளிய வந்தப்போ 30% போயிருந்துச்சு. வீட்ல சொல்லக்கூட மனசு வரலை. ஐடிசில ஸ்டாப் லாஸ் போட்டா சாதாரண நாள்ல போட்ட விலைக்குப் பத்து இருபது பைசா முன்னப்பின்ன வித்துரும், எஃப் அண்ட் ஓல (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ட்ரேடிங்) இருக்கிற ஷேருங்கறதால நிலையான சர்க்யூட் லிமிட்டும் இல்ல.

ஏறும்போதும் இதே கதைதான். ருச்சி சோயா தினம் ஏறினதைப் பாத்தவங்க ஆயிரம் பேர், வாங்க முடிஞ்சவங்க கொஞ்சப் பேர். சார்ட்ல தெரியற லாபம் வேற, உங்க ஆர்டருக்குக் கிடைக்கிற லாபம் வேற.

அமெரிக்க வீடியோ பாத்து இங்க காப்பி அடிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அங்க ஷேர் தாறுமாறா ஓடினா சில நிமிஷம் ட்ரேடிங்கை நிறுத்திட்டு திரும்ப விடுவாங்க. இங்க சின்ன ஷேருக்கு 2, 5, 10, 20%னு சர்க்யூட், அதுல பூட்டிக்கிச்சுன்னா அன்னைக்கு வெளிய வர்றது குதிரைக்கொம்பு. போதாக்குறைக்கு எக்ஸ்சேஞ்ச் கண்காணிப்புல போட்டு ட்ரேட் டு ட்ரேடுக்கு மாத்திட்டா இன்ட்ராடேவே, அதாவது அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கறதே, பண்ண முடியாது. ஷார்ட் அடிச்சவன் (கையில இல்லாத ஷேரை முதல்ல வித்துட்டு அப்புறம் வாங்கறவன்) கதை இன்னும் மோசம், அப்பர் சர்க்யூட்ல லாக் ஆனா வித்த ஷேரை டெலிவரி கொடுக்க முடியாம, எக்ஸ்சேஞ்ச் ஏலம் விட்டு வாங்கற ஆக்‌ஷனுக்குப் போகும். வெளிநாட்டுலயும் ஷார்ட் அடிச்சவங்க மாட்டியிருக்காங்க: 2008 அக்டோபர்ல ஃபோக்ஸ்வாகன் ஷேர்ல முக்கால்வாசி போர்ஷே கட்டுப்பாட்டுல, 20% லோயர் சாக்சனி மாநில அரசுகிட்டன்னு தெரிஞ்சதும் ஷார்ட் அடிச்சவங்க திரும்ப வாங்க ஷேரே இல்லாம ரெண்டே நாள்ல விலை 1,000 யூரோவைத் தாண்டிச்சு.

இன்னொண்ணு, ஃப்ளோட் அப்படியே இருக்காது. ருச்சி சோயா 2022 மார்ச்ல 650 ரூபாய்க்கு எஃப்பிஓ (ஏற்கனவே லிஸ்ட் ஆன கம்பெனி திரும்ப ஷேர் விக்கறது) போட்டு 4,300 கோடி திரட்டுச்சு, உச்சில வாங்கினவங்க பாதி விலைக்கும் கீழ புது சரக்கு வர்றதைப் பாத்துட்டு நின்னாங்க. புதுசா ஐபிஓ வந்த கம்பெனில லாக்-இன் முடியற தேதி, எல்ஐசில 2027 மேக்குள்ள பப்ளிக் பங்கை 10% ஆக்கணும்ங்கற கெடு, இதெல்லாம் வரப்போற வரத்து. வரத்து கூடினா விலை என்னாகும்னு கோயம்பேட்டுல தக்காளி வாங்கறவங்களுக்குக் கூட தெரியும்.

அப்ப எது எடுக்கலாம்? வேலைக்குப் போறவன், ஸ்க்ரீன் முன்னாடி உக்கார முடியாதவன், அவசரத்துக்கு அந்தக் காசு வேணும்னு இருக்கிறவன் பெரிய ஃப்ளோட் பக்கமே இருக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. லோ ஃப்ளோட் தொட்டே ஆகணும்னா, நான் இப்ப பாக்கறது தினசரி டெலிவரி வால்யூம் (அன்னைக்கே வாங்கி வித்தது போக நிஜமா கை மாறின ஷேர்), அதுல 1%க்கு மேல என் ஆர்டர் இருக்கக் கூடாது, கிடைச்ச விலைக்கு முடியற மார்க்கெட் ஆர்டர் கிடையவே கிடையாது, விலையை நானே குறிச்சுக் கொடுக்கிற லிமிட் ஆர்டர் மட்டும்தான். மூணு மாசத்துக்கு ஒருக்கா கம்பெனி எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கிற ஷேர்ஹோல்டிங் பேட்டர்னைத் திறந்து பப்ளிக் எண்ணிக்கையை அன்னைய விலையால பெருக்கிப் பாப்பேன். அந்த தம்பி சொன்ன ஷேருக்கு அப்படிப் பெருக்கிப் பாத்தப்போ 11 கோடி வந்துச்சு, அவன் போட நினைச்சிருந்தது நாலு லட்சம், அந்த ஷேர்ல ஒரு நாளைக்கு நடக்கிற டெலிவரியே ஆறு லட்சத்துக்குத்தான்.