மெட்டலர்ஜி ஆராய்ச்சிக்கு ஃபிஜி மென்பொருள்: ஒரு பிஎச்.டி. மாணவியின் மதிப்புரை

மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. சேரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "அக்கா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்றுதான். எதை வாங்கினாலும் சரி, அதில் முதல் வேலையாக ஃபிஜியைப் போடு என்பேன்.

ஃபிஜி என்பது படங்களை அளந்து ஆராயும் இமேஜ்ஜே மென்பொருளோடு ஆராய்ச்சிக்குத் தேவையான ப்ளகின்களையும் சேர்த்துக் கட்டித் தரும் இலவசத் தொகுப்பு. இமேஜ்ஜேயை 1997-இல் ஜாவாவில் எழுதியவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் (என்ஐஎச்) இருந்த வேய்ன் ராஸ்பாண்ட். அதற்குப் பத்து வருடம் முன்பே மேக்கின்டாஷுக்காக என்ஐஎச் இமேஜ் என்று ஒன்றை எழுதியவரும் அவரே. உயிரியல் ஆய்வகத்துக்காகப் பிறந்ததுதான், ஆனாலும் உலோகத்தின் நுண்ணமைப்பைப் பார்க்கும் நமக்கும் அப்படியே பொருந்துகிறது. இன்ஸ்டால் செய்யும் வேலைகூட இல்லை. ஜிப் கோப்பைப் பிரித்தால் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப்போடு வந்த கட்டண மென்பொருளும் இருக்கிறது. நல்ல மென்பொருள்தான். ஆனால் லைசென்ஸ் ஒரே கம்ப்யூட்டருக்கு, அதன் முன்னால் எப்போதும் வரிசை. ஃபிஜி வந்த பிறகு படம் எடுக்க மட்டும் அங்கே போகிறேன். அளக்கும் வேலையெல்லாம் ஹாஸ்டல் அறையில்.

என் ஆய்வு ஏ356 அலுமினியக் கலவையில். வார்ப்பில் ஊசி ஊசியாக இருக்கும் சிலிக்கான் துகள்களை ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் முறையில் (சுழலும் கருவியை உள்ளே அழுத்திக் கிளறும் முறை) உடைத்துச் சிறிதாக்கிப் பரப்புகிறோம். எவ்வளவு சிறிதானது, எவ்வளவு உருண்டையானது என்று எண்ணில் காட்ட வேண்டும். அதற்கு ஃபிஜியில் வழி எளிது. படத்தை 8 பிட்டாக மாற்றி, ஸ்கேல் பார் மேல் கோடு இழுத்து செட் ஸ்கேலில் மைக்ரான் கணக்கைக் கொடுத்து, துகளைப் பின்புலத்திலிருந்து பிரிக்கும் சாம்பல் நிற வரம்பான த்ரெஷோல்டை வைத்து, அனலைஸ் பார்ட்டிக்கிள்ஸை ஓட்டினால் ஆயிரக்கணக்கான துகள்களின் பரப்பு, நீளம், வட்டத்தன்மை எல்லாம் அட்டவணையாக வந்துவிடும். வட்டத்தன்மை வேண்டுமென்றால் செட் மெஷர்மென்ட்ஸில் ஷேப் டிஸ்கிரிப்டர்ஸை முன்பே டிக் செய்துவிட வேண்டும்.

அட்டவணை அழகாக வந்துவிட்டது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. நான் சொல்ல வந்ததே இதுதான். ஏ356-இல் சிலிக்கான் எடையில் சுமார் 7 சதவீதம். அலுமினியத்தைவிடச் சிலிக்கானின் அடர்த்தி குறைவு என்பதால் கன அளவில் அது 8 சதவீதத்தை ஒட்டி வரும். வெட்டுமுகத்தில் தெரியும் பரப்பு விகிதமும் சராசரியில் அதே அளவுக்கு வர வேண்டும். உங்கள் த்ரெஷோல்ட் 15 சதவீதம் என்று காட்டினால், சாம்பல் நிறத் துகளோடு கறுப்பாகத் தெரியும் நுண்துளைகளையும் எட்சிங்கில் (அமிலம் போன்ற கரைசலால் அரிப்பது) விழுந்த கறையையும் சேர்த்து எண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். த்ரெஷோல்டின் கீழ் வரம்பைக் கொஞ்சம் ஏற்றினால் துளைகள் விலகும். கறை போகாது. அதற்கு மறுபடி பாலிஷிங் வீலுக்குத்தான் போக வேண்டும். எமரி ஷீட்டில் விட்ட கீறலை எந்த மென்பொருளும் அழித்துக் கொடுக்காது.

ஆப்டிக்கல் படத்தின் மூலைகள் இருட்டாக இருந்தால் சப்ட்ராக்ட் பேக்ரவுண்ட் நன்றாக உதவுகிறது. நம் படங்களில் பின்புலம் வெளிச்சமானது என்பதால் லைட் பேக்ரவுண்ட் டிக் அவசியம்.

செட் ஸ்கேலில் இருக்கும் குளோபல் என்ற சின்னப் பெட்டியில் ரொம்பக் கவனம் வேண்டும். அதை டிக் செய்தால் அடுத்துத் திறக்கும் எல்லாப் படத்துக்கும் அதே அளவுகோல்தான். 500 மடங்கு படத்துக்கு வைத்ததோடு 1000 மடங்கு படத்தைத் திறந்தால் 3 மைக்ரான் துகள் 6 மைக்ரானாகப் பதிவாகும், பரப்பு நான்கு மடங்காகும். படக் கோப்பிலேயே வேறு அளவுகோல் பதிவாகியிருந்தால் ஒழிய எந்த எச்சரிக்கையும் வராது. இதை மென்பொருளின் குறையாகவே சொல்வேன்.

வேறு குறைகளும் உண்டு. அன்டூ கடைசி ஒரு படிக்கு மட்டும்தான், அதனால் மூலப் படத்தின் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். ஒட்டியிருக்கும் துகள்களைப் பிரிக்கும் வாட்டர்ஷெட் உருண்டைத் துகளுக்கு அருமை. ஆனால் வார்ப்பு நிலையிலுள்ள நீண்ட ஊசியை அது மூன்று நான்கு துண்டாக வெட்டிவிடும். அப்புறம் பதப்படுத்தும் முன்பும் பின்பும் துகள் அளவில் பெரிய வித்தியாசமே இல்லாத மாதிரி தெரியும். வார்ப்புப் படங்களில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒருசில பிக்ஸல் மட்டுமே உள்ள துகளின் வட்டத்தன்மை எண்ணுக்கும் மதிப்பில்லை. குறைந்தபட்சப் பரப்பு ஒன்றை வைத்து அதற்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளிவிடுங்கள், அந்த வரம்பைத் தீசிஸிலும் எழுதுங்கள். வரம்பை மாற்றினால் சராசரியே மாறும் என்பதால் படிப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கிரெய்ன் (உலோகத்துக்குள் இருக்கும் படிகத் துணுக்கு) சைஸுக்கு ஃபிஜி போதுமா என்று கேட்பார்கள். எட்சிங்கில் எல்லைக்கோடுகள் முழுமையாக விழுந்த படம் என்றால் போதும். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாதிரி அனீலிங் ட்வின் (சூடாக்கிப் பதப்படுத்தும்போது கிரெய்னுக்குள் உருவாகும் கண்ணாடிப் பிம்பம் போன்ற பகுதி) நிறைந்த உலோகத்தில் அது ட்வின் எல்லையையும் கிரெய்ன் எல்லையாகவே எடுத்துக்கொள்ளும். கிரெய்ன் நிஜத்தைவிடச் சிறியதாகத் தெரியும், அதைக் கிரெய்ன் அளவையும் உலோகத்தின் வலிமையையும் இணைக்கும் ஹால்–பெட்ச் கோட்டில் போட்டால் சரிவும் தப்பாகும். அங்கே கிரெய்ன் அளவுக்கான ஏஎஸ்டிஎம் இ112 தரநிலை சொல்லும் கோட்டு வெட்டு முறையில் கையால் எண்ணுவதே மேல். கோடு இழுக்கவும் குறிக்கவும் ஃபிஜியையே வைத்துக்கொள்ளலாம். இபிஎஸ்டி (எலக்ட்ரான் சிதறலால் படிகத் திசையை அளக்கும் முறை) தரவுக்கு இது ஆகாது, அதற்கு எம்டெக்ஸ் மென்பொருள் பக்கம் போங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மேக்ரோ ரெக்கார்டர். நாம் அழுத்தும் ஒவ்வொரு மெனுவையும் ஒரு வரி நிரலாக எழுதிக்கொண்டே போகும். ஒரு படத்துக்குச் செய்ததைச் சேமித்துவிட்டால் மற்ற படங்களுக்கும் அதே வடிகட்டி, அதே வரம்பு. கையால் த்ரெஷோல்ட் வைக்கும்போது நமக்குப் பிடித்த பதிலின் பக்கம் கை தானாகச் சாயும், மேக்ரோவில் அதற்கு இடமில்லை. டாக்டரல் கமிட்டியில் "இந்த எண்ணை எப்படி எடுத்தாய்?" என்று கேட்டால் அந்தக் கோப்பையே திறந்து காட்டலாம். தீசிஸின் பின்னிணைப்பில் என் மேக்ரோவை முழுவதுமாகச் சேர்க்கப் போகிறேன். ஜூனியர்களும் அப்படியே செய்யுங்கள், கூடவே மூல டிஃப் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஜேபெக்கில் சேமித்தால் துகளின் விளிம்பு கலங்கிவிடும், பிறகு யாரும் உங்கள் அளவைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடியாது.