வேர் அறுத்த பனைக்கு 1,850 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன்

நேற்றுக் காலையில்தான் மரத்தைத் தோண்டிப் பார்த்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது மூலை வீடு. வாசலில் வட்டமாக ஒரு புல்தரை. அதன் நடுவில் பிஸ்மார்க் பனை ஒன்று நிற்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. மடகாஸ்கர் மரம் அது. மட்டையெல்லாம் சாம்பல் பூத்த நீலமாக இருக்கும். வளர்ந்துவிட்டால் ஒரு விசிறியே மூன்று மீட்டர் அகலத்துக்கு விரியும். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனையின் பச்சைதான், அதற்கு நடுவே இது தனியாகத் தெரியும். மூன்று தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்ற காசைச் சேர்த்து வைத்திருந்தேன். 1,850 வெள்ளி.

இணைய விற்பனைத் தளம் ஒன்றில் படம் பார்த்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசினேன். விற்றவர் தமிழர். எடுத்த எடுப்பிலேயே "அக்கா" என்றார். தோட்டத்து நர்சரியில் இருபது வருஷம் செம்பனைக் கன்றுக்குப் பை நிரப்பியவள் நான் என்று சொன்னேன். "அப்படின்னா உங்களுக்கு நான் என்னக்கா சொல்றது? எங்கம்மாவும் நர்சரி வேலைதான் செஞ்சாங்க" என்றார். அந்த வார்த்தையில் மனசு இளகிவிட்டது. பையிலேயே வளர்ந்த மரமா என்று ஒரு தரம்தான் கேட்டேன். "ஆமாக்கா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

லோரி வந்தது. அடியில் ஈரச் சாக்கு சுற்றி, கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். "பை கிழிஞ்சிருச்சுக்கா, அதான் சாக்கு. அவிழ்க்காதீங்க, வேரோட ஒட்டின தாய்மண் உதிர்ந்துரும், அப்படியே நட்டுருங்க, சாக்கு மக்கிடும்" என்று போனில் சொன்னார். தளத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று அழுத்தினால்தான் பணம் அவர் கைக்குப் போகும். "லோரிக்குக் கூலி கொடுக்கணும், இப்பவே அழுத்திடுங்கக்கா" என்றார். வாசலில் நின்றபடியே அழுத்தினேன். 1,850 வெள்ளி போனது அந்த நொடியில்தான்.

மூன்று வாரம் மரம் நன்றாகத்தான் இருந்தது. பனை அப்படித்தான், உள்ளே இருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு பல நாள் பச்சையாகவே நிற்கும். அப்புறம் ஓரத்து மட்டைகள் தொங்கின. படம் அனுப்பினேன். "புது மண்ணுக்குப் பழகணும்க்கா." அடுத்த வாரம், "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க." அதற்கடுத்த வாரம், "தண்ணி போதலை." பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். தளத்துக்கு எழுதினால், ஏழு நாள் கடந்துவிட்டது, நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள் என்று ஒரே பதிலை நான்கு முறை அனுப்பினார்கள். சாகிறதே தெரியாமல் வாரக்கணக்கில் நிற்கிற மரத்துக்கு ஏழு நாள் தவணையாம்!

நேற்று குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடி நுனி பழுப்பாகக் குழைந்து, அழுகின வாடை. செம்பனையில் எத்தனை பார்த்திருக்கிறேன். உடனே தோண்டிச் சாக்கை அறுத்தேன். உள்ளே தாய்மண்ணே இல்லை. எங்கிருந்தோ அள்ளிய களிமண்ணை உருட்டி அப்பியிருந்தார்கள். அதைத் தட்டிவிட்டால் பாராங்கத்தியால் வெட்டின வேர்க்கட்டைகள், விரல் நீளம்கூட இல்லை. நிலத்திலிருந்து வெட்டி எடுத்த மரம். வேர் அறுபட்டால் பிஸ்மார்க் பனை தாங்காது. அதுவும் தண்டு இன்னும் வெளியே தெரியாத இளம் மரம் பிழைப்பது அபூர்வம். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது. அதனால்தான் சாக்கை அவிழ்க்காதே என்றது.

வாங்கப் போகிறவர்களுக்கு எவ்வளவோ சொல்ல நினைத்தேன், இப்போது இதுதான் வருகிறது. சாக்கைப் பிரித்து வேரைப் பார்க்காமல் எதையும் அழுத்தாதீர்கள். பையிலேயே வளர்ந்த மரமாக நேரில் போய் வாங்குங்கள். புலனத்தில் பேசினது எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் வேண்டாம். நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1,850 வெள்ளியை விடுவதாக இல்லை.

அதே பனையின் படம் இன்று காலையும் அந்தத் தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது. விலை 1,850.