பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மாற்றுகிறீர்களா? கழற்றிய இரும்பை வெளியே அனுப்பாதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் எழுபதுகளில் கட்டிய வீடு. உள்ளே துரு ஏறி ஏறி, அரை இஞ்ச் ஜிஐ பைப்பில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம். முழுக்க, வெந்நீரையும் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்ற, ஏரியாவில் பல வீடுகளில் வேலை செய்த ஒரு கான்ட்ராக்டரிடம் மொத்தமாகப் பேசினோம். "ஒரு துண்டு இரும்புகூட உள்ள இருக்காது சார்" என்றார். கொட்டேஷனிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

பைப் பதித்த கையோடு டைல்ஸ் ஆள் வந்துவிட்டார். பிரஷர் டெஸ்ட் எப்போது என்று கேட்டதற்கு, "மாடித் தொட்டித் தண்ணி விட்டுப் பாத்தாச்சு" என்று பதில். பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தாலே ஒரு கிலோ பிரஷர்தான். எங்கள் வீட்டில் அதில் பாதி வந்தால் பெரிது. அது டெஸ்ட் ஆகாது; கைப்பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில மாதத்திலேயே மறுபடி துருத் தண்ணீர். வேறு பிளம்பரை வைத்து டைல்ஸை உடைத்தோம். தொட்டியிலிருந்து இறங்கும் லைன் புதுசு, குழாய் மாட்டிய இடத்தில் ஒரு முழம் புதுசு. நடுவே தரைக்கடியில் ஓடுவது அதே பழைய ஜிஐ! இரண்டு முனையிலும் பித்தளை மரை அடாப்டரைப் போட்டுக் கோர்த்து, சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள். கீசரிலிருந்து வரும் வெந்நீர் லைனில், பச்சைத் தண்ணீருக்கு மட்டுமே ஆகும் வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் பைப்; சூட்டில் இளகி எல்போ பக்கம் வளைந்திருந்தது. வெளியே தெரிந்த சிபிவிசியிலும் எஸ்டிஆர் 13.5 என்று அச்சு, பில்லில் எஸ்டிஆர் 11. எஸ்டிஆர் என்பது பைப்பின் வெளி விட்டம் அதன் சுவர்த் தடிமனைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்; அது கூடினால் பைப் மெலிசு. இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

அப்புறம், கழற்றிய பைப். "குப்பைய நானே அள்ளிட்டுப் போறேன்" என்று கான்ட்ராக்டர் அன்றன்றே வண்டியில் ஏற்றிவிட்டார். காயலான் கடைக் காசு போனால் போகட்டும், எத்தனை அடி கழற்றினார் என்று அளக்க எதுவும் மிஞ்சவில்லையே! வேலை முடியும்வரை பழைய பைப் உங்கள் வாசலிலேயே கிடக்கட்டும். புது பைப் பில்லில் இருக்கும் அடிக்கும் அதற்கும் ஓரளவாவது ஒத்துப்போக வேண்டும். பூசுவதற்கு முன், ஐஎஸ் 15778 (சிபிவிசி பைப்புக்கான இந்தியத் தர எண்) என்ற அச்சும் எஸ்டிஆர் எண்ணும் தெரிகிற மாதிரி சுவரோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தால், "நீங்கதான் ரேட்டைக் குறைக்கச் சொன்னீங்க" என்கிறார். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். அவர் கையெழுத்திட்ட கொட்டேஷனும், வளைந்த அந்த யுபிவிசி துண்டும் பத்திரமாக இருக்கின்றன.