ரிச்சி தெருவில் 230 ரூபாயோடு முடிந்த வேலை

திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே டிடிபி வேலை, அதாவது கணினியில் பத்திரிகை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது, ஐந்து கல்யாணப் பத்திரிகைகளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சிபியு மக்கர் செய்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'.

பக்கத்துத் தெருக் கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல், "மதர்போர்டு போச்சுக்கா, 6,500 ஆகும்" என்றார்கள். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன சர்வீஸ் கடை. படிக்கட்டில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது.

கடைக்காரப் பெரியவர் சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கர் ஒன்றை போர்டில் செருகினார். ரேம் எனும் நினைவக அட்டைகள் இரண்டையும் உருவிவிட்டு ஆன் செய்தார். எனக்குப் பக்கென்றது. ஸ்பீக்கர் நீளமாகக் கத்தியது. "கேட்டீங்களா? ரேம் இல்லைன்னு போர்டு சொல்லுது. செத்த போர்டு பேசாதும்மா."

அப்புறம் மேஜையிலிருந்து வெள்ளை அப்சரா ரப்பரை எடுத்து, ரேமின் தங்க நிறப் பற்களை மெதுவாகத் தேய்த்தார். கறுப்பாக அழுக்கு உருண்டு வந்தது. ஒன்றை மாட்டினார், திரை எழுந்தது. மற்றதை எந்தப் பள்ளத்தில் போட்டாலும் இருட்டுதான். அது போயே போய்விட்டது.

"தேதி பின்னால போகுதா?" என்றும் கேட்டார். ஆமாம், மாதக்கணக்காக தினமும் காலையில் 2009 என்று காட்டும், பாதி இணையதளங்கள் திறக்காது. நான் நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்! குற்றவாளி, சிபியு அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032. தேதி தப்பானால் இணையதளங்களும் அடம்பிடிக்குமாம். 3 வோல்ட் இருக்க வேண்டியது மல்டிமீட்டரில் 2.3 காட்டியது.

கூலி 200, பேட்டரி 30. பழைய 4 ஜிபி ரேம் 450 என்றார். வாங்கிக்கொள்ளச் சொல்லி நச்சரிக்கவில்லை. நானும் வாங்கவில்லை. பேஜ்மேக்கர் ஓடுகிறது, ஃபோட்டோஷாப்தான் நொண்டுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் நின்றே இருந்தேன், ஒரு ஸ்டூல் கிடையாது. பில் கேட்டால் சிரிக்கிறார். போன் எடுப்பதே இல்லை. போகிறவர்கள் ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள்; அவர் சாப்பிடப் போனால் மூன்றரைக்குத்தான் ஷட்டர் ஏறும்.