ரெண்டர் படங்களைக் காணொளியாக்கும் எஃப்எஃப்எம்பெக்: ஒரு மதிப்புரை

பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் அனிமேஷன் செய்பவர்கள், ரெண்டரை (கணினி கணக்கிட்டு உருவாக்கித் தரும் இறுதிக் காட்சியை) நேரடியாகக் காணொளிக் கோப்பாக எடுக்காமல், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகச் சேமித்துக்கொள்வதே நல்ல வழக்கம். நடுவில் மின்சாரம் போனாலோ, கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பி மென்பொருள் நின்றுபோனாலோ, பாதியில் அறுந்த காணொளிக் கோப்பு பல நேரங்களில் திறக்கவே திறக்காது. படங்களாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; ஒரு காட்சியில் நிழல் சரியில்லை என்றால் அந்தச் சில ஃபிரேம்களை மட்டும் மறுபடியும் ரெண்டர் செய்யலாம். அப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான படங்களை ஒரே கோப்பாகக் கோக்கும் வேலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது எஃப்எஃப்எம்பெக்.

ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பிளெண்டரும் தன் காணொளி வெளியீட்டுக்கு இதன் நூலகங்களையே பயன்படுத்துகிறது. அப்படியானால் பிளெண்டரின் காணொளித் தொகுப்புப் பகுதியான சீக்வென்சரிலேயே படங்களை அடுக்கி முடித்துவிடலாமே என்று கேட்கலாம், முடியும். ஆனால் 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் என்னும் நிற மாற்றம் இயல்பாகவே அமைந்திருப்பதால், ஏற்கெனவே அந்த மாற்றத்தோடு சேமிக்கப்பட்ட படங்களின் மீது அது இரண்டாம் முறையும் ஏறி, நிறங்கள் வெளிறிவிடக்கூடும். அதைத் தவிர்க்க ‘ஸ்டாண்டர்ட்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் இந்தச் சிக்கல் இல்லை.

இதன் வேகமும் தரமும் குறை சொல்ல முடியாதவை. குறையெல்லாம், பயனரிடம் கேட்காமலே அது எடுத்துக்கொள்ளும் முடிவுகளில்தான் இருக்கிறது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லாவிட்டால், படவரிசையை 25 என்று வைத்துக்கொள்ளும். பிளெண்டரின் இயல்பு அமைப்போ 24. எனவே 240 படங்கள் கொண்ட 10 நொடிக் காட்சி 9.6 நொடியில் முடிந்துவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, வசனத்தைச் சேர்க்கும்போதுதான் உதட்டசைவு விலகுவது தெரியவரும். ஃபிரேம் வேகத்தைக் கட்டளையில் படங்களின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும் என்பதும் முக்கியம். வெளியீட்டு வேகத்தைக் குறிக்கும் ‘ஆர்’ விருப்பத்தைப் பின்னால் எழுதினால், படங்களை 25 என்ற கணக்கில் படித்துவிட்டு, கேட்ட எண்ணிக்கைக்குப் பொருந்தும்படி சில ஃபிரேம்களை உதிர்த்தோ இரட்டித்தோ தரும். கேமரா சீராக நகரும் காட்சிகளில் அது சிறு சிறு தடுக்கல்களாகத் தெரியும்.

அடுத்தது நிற வடிவம். பிஎன்ஜி படங்களை, காணொளியைச் சுருக்கித் தரும் எக்ஸ்264 என்கோடரிடம் கொடுத்தால், நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 வடிவத்தில் காணொளி உருவாகும். கணினியில் விஎல்சி பிளேயர் அதை நன்றாகவே ஓட்டும். வாடிக்கையாளரின் ஃபோனிலோ தொலைக்காட்சியிலோ பெரும்பாலும் ஓடாது. நிறத் தகவலைக் குறைத்துச் சேமிக்கும் ஒய்யூவி420பி வடிவத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் இது தீரும். ஆனால் அந்த வடிவத்துக்குப் படத்தின் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருந்தாக வேண்டும்; 1081 பிக்சல் உயரத்தில் ரெண்டர் செய்திருந்தால் எக்ஸ்264 பிழை காட்டி நின்றுவிடும். தரத்துக்கு 0 முதல் 51 வரையிலான சிஆர்எஃப் என்ற அளவு உண்டு. எண் குறையக் குறையத் தரம் கூடும். இயல்பான 23 பொதுவாகப் போதுமானது என்றாலும், இருண்ட வானம், மூடுபனி போன்ற மென்மையான நிறச்சரிவுகளில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும் என்பதால் ரெண்டர் காட்சிகளுக்கு நான் 18 என்றே வைக்கச் சொல்வேன்.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது விடுபட்ட ஃபிரேம். 0001 முதல் 0240 வரையிலான வரிசையில் 0137 மட்டும் இல்லையென்றால், காணொளி 136ஆவது படத்தோடு முடிந்துவிடும். ஆனாலும் கோப்பு ஒழுங்காகத் திறக்கும், ஓடும். கட்டளைச் சாளரமான டெர்மினலில் இறுதியாகத் தெரியும் ஃபிரேம் எண்ணிக்கையைக் கோப்புறையில் உள்ள படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் கோப்பை அனுப்பக்கூடாது. வரிசை 0101 போன்ற எண்ணிலிருந்து தொடங்கினால் அந்தத் தொடக்க எண்ணையும் கட்டளையில் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் முதல் படத்தையே அது கண்டுபிடிக்காது.

கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் நாள் கடினமாகத்தான் இருக்கும். சரியாக அமைந்த ஒரு கட்டளையைக் கோப்பாகச் சேமித்துவிட்டால், அடுத்த வேலைக்குக் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வெட்டி ஒட்டுவது, தலைப்பு எழுதுவது, இசை சேர்ப்பது போன்றவற்றை இதில் செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றுக்கு, எஃப்எஃப்எம்பெக்கில் படங்களை முதலில் எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவமான புரோரெஸ் கோப்பாக மாற்றி, கேடிஎன்லைவ் அல்லது டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டரில் திறந்துகொள்வதே வசதி. பின்னணி இல்லாமல் ரெண்டர் செய்த படங்களாக இருந்தால் புரோரெஸ் 4444 வகையையும், ஆல்ஃபா (ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் தகவல்) உள்ள நிற வடிவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்264 அந்த ஒளிபுகும் தன்மையைத் தக்கவைக்காது.