மனிகோட்டிக்குக் கிரெப்பா, பாஸ்தா குழாயா?

ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸை உள்ளே வைத்து, தக்காளி சாஸ் ஊற்றி பேக் செய்யும் மனிகோட்டியை இரண்டு விதமாகச் செய்யலாம்: மெல்லிய தோசை மாதிரியான கிரெப்பில் சுருட்டலாம், அல்லது பாஸ்தா குழாயில் அடைக்கலாம். எனக்குக் கிரெப்தான் பிடிக்கும். இத்தாலியில் இதைக் கிரெஸ்பெல்லே என்பார்கள், பாலக் கீரை சேர்த்தால் ஃபிளாரன்ஸ் பாணி.

கிரெப் மாவுக்கு 125 கிராம் மைதா, 250 மில்லி பால், 2 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, வெண்ணெய் தடவிய தவாவில் கொஞ்சமாக ஊற்றிச் சட்டென்று சுழற்றினால் மாவு மெல்லிசாகப் பரவும். ஓரம் பழுப்பாகி லேசாக எழும்பும்போது திருப்பிப் போடுங்கள். அப்புறம் சீஸை நீளவாக்கில் வைத்துச் சுருட்ட வேண்டியதுதான்.

பாஸ்தா குழாய் என்றால் மாவு கரைக்கும் வேலை இல்லை, கடிக்கவும் கெட்டியாக இருக்கும். ஆனால் வேகவைத்த குழாய் வழுக்கும், கொஞ்சம் அழுத்தினாலே கிழியும், ஸ்பூனால் சீஸைத் திணிப்பது பெரும்பாடு. பைப்பிங் பை (கிரீமைப் பிழிந்து விடும் கூம்புப் பை) இருந்தால் சரி.

ஒன்று மட்டும் கவனம்: கிரெப் சாஸை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சாஸைச் சுண்டக் காய்ச்சி, ரிக்கோட்டாவைத் துணியில் கட்டி நீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். குழாய்க்கு நேர்மாறாக, சாஸ் தாராளமாக வேண்டும், குறைந்தால் ஓரம் காய்ந்து விறைத்துப்போகும். கிரெப்புக்கு 180 டிகிரியில் 25 நிமிடம் போதும்.